சென்னையில் படம் பார்த்துப் பேச ஒரு மாதக் கூட்டம்: தொடங்குவது எப்படி, எவ்வளவு செலவாகும்?

சென்னையில் படம் பார்க்காத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பார்த்த படத்தைப் பற்றி நிதானமாக உட்கார்ந்து பேச ஓர் இடம் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். காட்சி முடிந்து பார்க்கிங்கில் பைக்கை எடுக்கும்வரை என்ன பேசுகிறோமோ அதோடு சரி. மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடி, சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசலாம் என்று நான் இறங்கியபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "போலீஸ் பர்மிஷன் இல்லாம கூட்டம் போடாதீங்க" என்றார் ஒருவர். "முதல்ல சங்கம் ரிஜிஸ்டர் பண்ணுங்க" என்றார் இன்னொருவர். "ஒரு புரொஜெக்டர் வாங்கிப் படத்தைப் போடுங்க, கூட்டம் தானா வரும்" என்றார் மூன்றாமவர். இந்த மூன்றில் கடைசி யோசனைதான் ஆளைக் கவிழ்க்கும்.

அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்களும் இதே வரிசையில் போனால் பணமும் மிஞ்சும், நட்பும் மிஞ்சும்.

1. திரையிடப் போகிறீர்களா, பேசப் போகிறீர்களா?

இதை முடிவு செய்யாமல் அறை தேடப் போகாதீர்கள். மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான்.

அவரவர் தியேட்டரிலோ வீட்டிலோ படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், கூட்டத்தில் பேச்சு மட்டும்தான் என்றால், உங்களுக்குத் தேவை ஓர் அறை, நாற்காலிகள், டீ. ஒரு தனியார் அறைக்குள் பதினைந்து பேர் உட்கார்ந்து சினிமா பேசுவதற்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

திரையிடல் என்று வந்துவிட்டால் கதையே வேறு. ஓடிடி சந்தா தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான் தரப்படுகிறது. மாதாமாதம் பணம் கட்டுகிறோமே என்று ஹாலில் ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்ட முடியாது. "டிக்கெட் வாங்கல, இலவசம்தானே" என்பதும் எடுபடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், கட்டணமில்லாமல் அமெச்சூர் மன்றங்கள் நிகழ்த்துவதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. பலர் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். அது இலக்கியம், நாடகம், இசைப் படைப்புகளுக்கானது. திரைப்படம் அந்தப் பட்டியலில் கிடையாது. விமர்சனத்துக்காக ஒரு சிறு பகுதியைக் காட்டிப் பேசுவதற்கு அதே பிரிவில் இடம் உண்டு. முழுப் படத்துக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

என் யோசனை: முதல் ஆறு மாதம் புரொஜெக்டர் பக்கமே போகாதீர்கள். பேச்சு பழகட்டும். திரையிட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு 7ஆம் தலைப்பில் சொல்கிறேன்.

2. ஆள் சேர்ப்பது

எட்டுப் பேர் இருந்தால் தொடங்கலாம். பதினைந்தைத் தாண்டினால் பாதிப் பேர் வாயே திறக்காமல் வீட்டுக்குப் போவார்கள். இருபது பேர் வருவதாகச் சொன்னால் பத்துப் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் பெரிய எதிரி.

எல்லாரும் ஒரே அலுவலகமாகவோ ஒரே கல்லூரியாகவோ இருந்தால் மூன்றாம் மாதமே பேச்சு வறண்டுவிடும். படத்தொகுப்பு வேலை பார்க்கும் ஒரு தம்பி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் என்று கலந்து வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். திறந்துவிட்டால் முதல் நாள் காலை வணக்கம், இரண்டாம் நாள் ரசிகர் சண்டை, மூன்றாம் நாள் யாரோ ஒருவர் திருட்டுப் பிரதியின் லிங்க் போடுவார். இதில் விளையாட்டே வேண்டாம். தியேட்டரில் போனைத் தூக்கி டைட்டில் கார்டையோ ஒரு சண்டைக் காட்சியையோ எடுத்துக் குழுவில் போடுகிற பழக்கம் நம்மிடம் சாதாரணமாகிவிட்டது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் படத்தைப் பதிவு செய்வதற்கும் பரப்புவதற்கும் குறைந்தது 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. குழு விதிகளில் முதல் வரியாக இதைப் போடுங்கள்.

3. இடம் பிடிப்பது

சென்னையில் வழி மூன்று.

ஒன்று, வீடு. மொட்டை மாடி இருந்தால் அருமை. வீட்டுக்காரரிடமும் அபார்ட்மென்ட் சங்கத்திலும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எட்டுப் பேர் செருப்பைக் கழற்றிப் போட்டாலே கீழ்வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள்.

இரண்டு, பூங்கா, கடற்கரை. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை போன்ற இடங்களில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவது நண்பர்கள் பேசுவது போலத்தான். மைக், பேனர் என்று போனால் அது பொதுக்கூட்டம். அதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும், குறைந்தது 5 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பூங்கா மூடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் காவலாளி விசில் ஊதுவார்.

மூன்று, சிறிய அறை. புத்தகக் கடைகளின் மேல்மாடிகள், பயிற்சி மையங்கள், நடனப் பள்ளிகள் எல்லாம் ஞாயிறு மாலை காலியாக இருக்கும். கே.கே. நகர், வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமா வேலையில் இருப்பவர்கள் அதிகம் என்பதால் அங்கே விசாரித்தால் சீக்கிரம் கிடைக்கும். மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் பிடியுங்கள். வடபழனி, ஆயிரம் விளக்கு, அசோக் நகர் நல்ல தேர்வு. தாம்பரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருகிறவர்கள் இரண்டு மாதம் ஆர்வத்தில் வருவார்கள். மூன்றாம் மாதம் திரும்பிப் போகிற பயணம்தான் முடிவு செய்யும். ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அறை எடுக்க வழக்கமாகக் கேட்பவை: ஒரு வேண்டுகோள் கடிதம், பொறுப்பாளரின் ஆதார் நகல், போன் எண், முன்பணம். கடிதத்தில் "திரைப்படக் கூட்டம்" என்று எழுதாதீர்கள். படம் போடப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு பத்துக் கேள்வி கேட்பார்கள். "திரைப்படம் குறித்த கலந்துரையாடல், திரையிடல் இல்லை, சுமார் 15 பேர், மாலை 4 முதல் 7 வரை" என்று தெளிவாக எழுதுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

- வாடகையில் ஏசி சேர்த்தியா, மின்சாரம் தனியா?
- ஜிஎஸ்டி சேர்த்தா, மேலே 18 சதவீதமா?
- துப்புரவுக்குத் தனியாகக் கேட்பார்களா?
- வெளியிலிருந்து டீ கொண்டுவரலாமா?
- மூன்று மணி நேரம் என்பது நாற்காலி போடுகிற நேரத்தையும் சேர்த்தா?
- ரத்து செய்தால் முன்பணம் திரும்ப வருமா?

கடைசிக் கேள்வியை எழுத்தில் வாங்குங்கள். ஓர் இடத்தில் மழையால் கூட்டத்தைத் தள்ளிப்போட்டபோது "அட்வான்ஸ்லாம் ரிட்டர்ன் கிடையாது சார், நீங்க கேக்கவே இல்லையே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இப்போதெல்லாம் அந்த வரி வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் ஜிபே செய்கிறேன்.

4. படமும் தேதியும்

வெள்ளிக்கிழமை வெளியான படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்காதீர்கள். பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள், பார்த்தவர்கள் இன்னும் விசில் மயக்கத்தில் இருப்பார்கள். சின்னப் படமாக இருந்தால் எதிர்ச் சிக்கல்: அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் காட்சிகள் காலை பத்தரைக்கும் இரவு பத்தரைக்கும் ஒதுங்கிவிடும், பிறகு படமே இருக்காது.

எனக்குச் சரிப்பட்டு வருகிற முறை இது. பெரிய படம் என்றால் வெளியாகி இரண்டாவது அல்லது மூன்றாவது ஞாயிறு. சின்னப் படம் என்றால் படத்தை முதல் நாளே அறிவித்து, முதல் வாரத்துக்குள் பார்க்கச் சொல்லி, கூட்டத்தை அடுத்த ஞாயிறு வைத்துவிடுவது. தவறவிட்டவர்களையும் சேர்க்க வேண்டுமானால் ஓடிடிக்குக் காத்திருக்கலாம். தமிழ்ப் படங்கள் பலவும் ஏறத்தாழ 4 வாரத்தில் அங்கே வந்துவிடுகின்றன. சில படங்கள் 8 வாரம் எடுக்கும்.

குழுவில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இருந்தால் சான்றிதழைப் பாருங்கள். 'ஏ' படத்துக்கு அவர்களைத் தியேட்டரில் விட மாட்டார்கள், விடவும் கூடாது. யு/ஏ இப்போது 7, 13, 16 என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது.

படத்தை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்காதீர்கள். எப்போதும் பெரிய நட்சத்திரம்தான் ஜெயிக்கும். ஒரு மாதம் ஒருவர் என்று முறை வைத்து அவரே தேர்ந்தெடுக்கட்டும். என்ன தேர்ந்தெடுத்தாலும் முணுமுணுக்காமல் பார்த்துவிட்டு வருவது மற்றவர்கள் கடமை.

நாட்காட்டியில் சில மாதங்களுக்குக் கோடு போட்டு வையுங்கள். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முன்பணம் கட்டாத இடமாகப் பாருங்கள். டிசம்பரில் சபா சீசன், நல்ல அரங்கங்கள் கிடைக்காது. அதே மாதத்தில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் வழக்கமாக வரும். உங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் அங்கே கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு திரிவார்கள். டிசம்பர் கூட்டத்தைத் தனியாக நடத்தாமல், விழாவில் பார்த்த படங்களைப் பற்றி அரங்கத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பேசுவதே நல்லது. சேப்பாக்கத்தில் ஐபிஎல் நடக்கிற ஞாயிறு மாலையில் எந்தக் கூட்டமும் தேறாது.

5. செலவுக் கணக்கு

ஒருவருக்குப் பெரிய செலவே டிக்கெட்தான். மல்டிபிளக்ஸில் 190 ரூபாய் அளவில் இருக்கும். ஆன்லைனில் போட்டால் முன்பதிவுக் கட்டணமும் சேர்ந்து 220ஐத் தொடும். வடபழனி கமலா, அசோக் நகர் காசி, கோயம்பேடு ரோகிணி போன்ற தியேட்டர்களில் பெரும்பாலும் இதைவிடக் குறையும். ஓடுகிற படத்துக்கு வாரநாளில் கவுன்டரிலேயே வாங்கிவிடலாம், முன்பதிவுக் கட்டணம் மிச்சம்.

கூட்டச் செலவுக்கு நபருக்கு 50 முதல் 100 ரூபாய் போதும். பதினைந்து பேர் நூறு கொடுத்தால் 1,500. இந்தப் பணத்துக்குள் அடங்குகிற அறையைத்தான் தேட வேண்டும். டீ, சமோசா 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாணவர்களிடம் வாங்க வேண்டாம்.

ஆண்டுச் சந்தா என்று மொத்தமாக வசூலிக்காதீர்கள். நடுவில் விலகுகிறவர் மீதியைக் கேட்பார். கொடுத்தால் கணக்கு உதைக்கும், கொடுக்காவிட்டால் ஊர் முழுக்கப் பேசுவார். மாதாமாதம் வாங்கி, செலவுப் பில்லைப் படம் எடுத்து அன்றைக்கே குழுவில் போட்டுவிடுங்கள்.

6. பேச்சை நடத்துவது

ஆவணமும் அறையும் ஒரு முறை சரி செய்தால் முடிந்தது. இது மாதாமாதம் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை.

"படம் எப்படி இருந்துச்சு?" என்று தொடங்கவே தொடங்காதீர்கள். "சூப்பர்", "ஓகே", "செகண்ட் ஹாஃப் லேக்" என்று மூன்று சொல்லில் வட்டம் சுற்றி வந்துவிடும். நான் கேட்பது: "இடைவேளை எந்த இடத்துல விட்டாங்க? லைட் போட்டப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?" இதற்கு எல்லாருக்கும் பதில் இருக்கும். ஓடிடியில் பார்த்தவருக்கு இடைவேளையே தெரிந்திருக்காது. அங்கேயே முதல் வாக்குவாதம் ஆரம்பமாகிவிடும்.

அடுத்தது, கருத்துச் சொல்கிறவர் ஒரு காட்சியைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். ஒரு கூட்டத்தில் ஒரு தம்பி, அம்மா சாப்பாடு பரிமாறுகிற நீளமான காட்சியைக் குறிப்பிட்டு "அங்கதான் லேக்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா கேட்டார்: "தம்பி, அந்த சீன் முழுக்க அந்தம்மா ஒரு தடவையாவது உக்காந்தாங்களா?" தம்பி யோசித்தார். "மத்தவங்க பேசுற வசனத்துக்கு மேல பாத்திரம் தேய்க்கிற சத்தம் வருது, கவனிச்சீங்களா? அவங்களுக்கு அந்த சீன்ல வசனமே கிடையாது, சத்தம் மட்டும்தான்." அதன் பிறகு ஒலி அமைப்பைப் பற்றியே வெகுநேரம் பேச்சு போனது. தம்பி கடைசிவரை லேக்தான் என்றார். அதில் தப்பில்லை. எங்கே, ஏன் என்று சொல்லத் தெரிந்துவிட்டது அவருக்கு.

முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று நிமிடம், போனில் அலாரம் வைத்து. அந்தச் சுற்றில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. இரண்டாம் சுற்று திறந்த பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் டீ. டீக்கு முன்பே திறந்த பேச்சை விட்டால், சத்தமாகப் பேசுகிற இரண்டு பேர் கூட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எல்லாக் கூட்டத்துக்கும் வந்து சேருகிற சில பேர்வழிகள் உண்டு. முழுக் கதையையும் டைட்டிலில் இருந்து சொல்கிறவர்: "எல்லாரும் பார்த்துட்டோம் சார், உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்கு வாங்க" என்று மரியாதையாக வெட்டுங்கள். வசூல் கணக்கு பேசுகிறவர்: முதல் நாள் கலெக்ஷன் இந்தக் கூட்டத்தின் பொருள் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தன் சொந்தக் கதையைச் சொல்ல வந்திருக்கும் உதவி இயக்குநர்: பாவம், அவருக்கும் வேறு இடம் கிடையாது. கூட்டம் முடிந்த பிறகு டீக்கடையில் கேளுங்கள், நிஜமாகவே கேளுங்கள். ரசிகர் மன்றக் குரல்: நடிகரின் நடிப்பைப் பேசலாம், வீட்டு விவகாரமும் சாதியும் கூடாது. இதை ஒரே ஒரு முறை எச்சரியுங்கள். இரண்டாம் முறை வெளியே அனுப்புங்கள். தயங்கினால் அடுத்த மாதம் பெண்கள் வர மாட்டார்கள், எனக்குத் தெரிந்து வேறு எதைவிடவும் இதனால்தான் கூட்டங்கள் உடைகின்றன.

முடிவைச் சொல்லலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். அறிவித்த படத்துக்கு எல்லாமே சொல்லலாம், பார்க்காமல் வந்தவர் பாடு. வேறு படத்தைப் பற்றிப் பேச்சு போனால் கை தூக்கிக் கேட்டுவிட்டுத்தான் முடிவைச் சொல்ல வேண்டும்.

இயக்குநரை அழைக்கலாமே என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். குறைந்தது ஆறு கூட்டம் போகட்டும். இயக்குநர் எதிரே உட்கார்ந்தால், நேற்றுவரை கிழித்தவரெல்லாம் "சார், உங்க படம் ஒரு அனுபவம்" என்பார்கள். அப்படி அழைத்தால் முதல் ஒரு மணி நேரம் அவர் இல்லாமல் பேசிவிட்டு, அதன் பிறகு உள்ளே கூப்பிடுங்கள்.

பேச்சைப் பதிவு செய்து யூடியூபில் போடுவதாக இருந்தால் எல்லாரிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். கேமரா வைத்தால் பேச்சின் தரம் குறையும் என்பது என் அனுபவம். நான் வைப்பதில்லை.

7. திரையிட்டே ஆக வேண்டும் என்றால்

செலவில்லாத வழி, ஏற்கெனவே முறையாகத் திரையிடுகிற இடத்துக்குக் குழுவாகப் போவது. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், கதே இன்ஸ்டிடியூட், ஆழ்வார்பேட்டையில் ரஷ்ய இல்லம் ஆகிய இடங்களில் அவ்வப்போது படங்கள் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்து பேசுங்கள்.

நீங்களே போடுவதானால் குறும்படம் அல்லது ஆவணப்படத்தில் தொடங்குங்கள். உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மின்னஞ்சலிலேயே அனுமதி வாங்குங்கள். படத்தின் பெயர், தேதி, இடம், எத்தனை பேர், கட்டணம் உண்டா இல்லையா, ஒரே ஒரு திரையிடல் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். "போடுங்க ப்ரோ" என்ற வாய்ஸ் நோட் போதாது. இயக்குநர் சரி என்றாலும் உரிமை தயாரிப்பாளரிடம் இருக்கலாம், யாரிடம் என்று கேளுங்கள். படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பொதுமக்களுக்குக் காட்ட அது வேண்டும்.

தரமான திரையும் ஒலியும் வேண்டுமானால் சாலிகிராமம் பிரசாத் லேப் போன்ற இடங்களில் பிரிவ்யூ தியேட்டர்கள் (வெளியீட்டுக்கு முன் படத்தைப் போட்டுப் பார்க்கிற சிறிய அரங்குகள்) இருக்கின்றன. காட்சிக் கணக்கில் வாடகை. எந்த வடிவத்தில் படம் கொண்டுவர வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டு, முந்தைய நாளே போய் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். படம் தெரியும், சத்தம் வராது. சத்தம் வரும், சப்டைட்டில் வராது. பென் டிரைவ் இரண்டு கொண்டுபோங்கள்.

கட்டணம் வசூலித்துத் திரையிடுவதில் இறங்காதீர்கள். தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், வரி எல்லாம் கூடவே வரும்.

8. பதிவு செய்ய வேண்டுமா?

நண்பர்கள் கூடிப் பேசுவதற்கு வேண்டாம். உறுப்பினர் பட்டியல், பொறுப்பாளர்கள், சந்தா என்று சங்கமாகவே ஆகிவிட்டால் யோசிக்க வேண்டும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவுக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். உறுப்பினர்கள் 20 பேர் ஆனாலோ, ஆண்டு வரவு அல்லது செலவு 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். மாதம் 1,500 வசூலித்தால் ஏழாவது மாதத்திலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள், கவனம்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்ய வேண்டும். சென்னையில் உங்கள் முகவரி எந்த மாவட்டப் பதிவாளருக்குக் கீழே வருகிறது என்பதை முதலில் பாருங்கள், தவறான அலுவலகத்தில் வரிசையில் நின்று பயனில்லை. தயார் செய்ய வேண்டியவை: சங்க விதிகள், நோக்கங்கள் எழுதிய குறிப்பாணை, நிர்வாகக் குழுப் பட்டியல், எல்லாருடைய அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும், அலுவலக முகவரிக்கான ஆதாரம். வாடகை வீட்டு முகவரி என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். பெயருக்கு மூன்று மாற்று வையுங்கள். அரசு அமைப்பு போலத் தோன்றும் பெயர்களும், ஏற்கெனவே பதிவான பெயரை ஒத்தவையும் திரும்பி வரும்.

ஒரு முறை பதிவு செய்துவிட்டு மறந்துவிட முடியாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் அபராதத்தோடு சேர்த்துக் கட்ட நேரும். அதனால் செயலாளர் பொறுப்பைச் சினிமாவில் ஆர்வம் அதிகம் உள்ளவரிடம் கொடுக்காமல், கோப்பு ஒழுங்காக வைத்துக்கொள்கிறவரிடம் கொடுங்கள். எங்கள் குழுவில் அது ஓய்வுபெற்ற அந்த வங்கி ஊழியர்தான். பதிவுச் சான்று வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, அதை வைத்து இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு. அதுவரை வசூலாகும் பணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் கிடக்கும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்.